அம்புக்குறி இல்லாத விசைப்பலகை எதற்கு?

கேள்வி: ‘ஃப்ரீரைட்’ என்றொரு தட்டச்சுக் கருவியில் அம்புக்குறி விசைகளே கிடையாதாம். திருத்த விடாத கருவியைக் காசு கொடுத்து எதற்கு வாங்குகிறார்கள்? நானும் கதை எழுத உட்காரும்போது வைஃபையை அணைத்துவிடுகிறேன். ஆனாலும் முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. ஏன்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நல்ல கேள்வி, அம்மா. முதல் கேள்விக்கான விடையில் பாதி உங்கள் இரண்டாவது கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஆஸ்ட்ரோஹாஸ் நிறுவனம் 2014-இல் ‘ஹெமிங்ரைட்’ என்று அறிவித்து, பிறகு ‘ஃப்ரீரைட்’ என்று பெயர் மாற்றியது இது. காகிதம் போலத் தோன்றும் சிறிய திரை, ஒரு விசைப்பலகை, அவ்வளவுதான். முதலில் வந்த கருவியில் அழிக்கும் விசை உண்டு, அம்புக்குறி விசைகள் இல்லை. நான்கு வரிக்கு மேலே ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால், அதற்குப் பின் எழுதியதையெல்லாம் அழித்துக்கொண்டே போக வேண்டும். யாருக்கும் அந்த மனம் வராது. வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இணையத்தின் கவனச்சிதறலைத் தடுப்பதால்தான் இத்தகைய கருவிகள் உதவுகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். அதுதான் காரணமென்றால், வைஃபையை அணைத்ததுமே உங்கள் கதை ஓடியிருக்க வேண்டும். உங்களைத் தடுப்பது நீங்கள் சற்றுமுன் எழுதிய வரி.

எழுதும்போது மனம் மூன்று வேலைகளைச் செய்கிறது என்று ஹேய்ஸ், ஃபிளவர் என்ற ஆய்வாளர்கள் 1980-இல் விளக்கினார்கள்: திட்டமிடுதல், வாக்கியமாக்குதல், மறுபார்வை. இவை வரிசையில் நிற்பதில்லை. ஒன்றை மற்றொன்று எப்போது வேண்டுமானாலும் இடைமறிக்கும். மூன்றுக்கும் இருப்பது ஒரே செயல் நினைவகம், அதாவது இந்த நொடிக்குத் தேவையானதை மட்டும் பிடித்துவைக்கும் சிறிய இடம். ‘இங்கே ஒற்று மிகுமா?’ என்று நீங்கள் பின்னால் போகும்போது, பாதி உருவாகியிருந்த அடுத்த வாக்கியம் அங்கிருந்து நழுவிவிடும். பந்தி பரிமாறிக்கொண்டே பாத்திரமும் கழுவினால் இலைகள் காலியாகவே கிடக்கும் அல்லவா?

அப்படியென்றால் எழுதியதைப் பார்க்கவே கூடாதா? அதையும் சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கல்வியாளர் ஜேம்ஸ் பிரிட்டனும் குழுவினரும், கார்பன் தாளின்மேல் மை வராத முனையால் எழுதிப் பார்த்து, அந்த அனுபவத்தை 1975-இல் வெளியிட்டார்கள். எழுத்து அடித்தாளில் மட்டும் விழும், எழுதுபவருக்குத் தெரியாது. கடிதமும் நடந்ததைச் சொல்வதும் சமாளிக்க முடிந்தது; கோட்பாட்டு விளக்கமும் கவிதையும் கைகூடவில்லை. அமெரிக்காவின் ஷெரிடன் பிளாவ் இதைத் தம் மாணவர்களிடம் செய்து 1983-இல் எழுதியது வேறு: பலருக்குக் கவனம் கருத்திலேயே நின்று, எழுத்து இன்னும் சரளமாக வந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பின்னால் பார்ப்பது எழுத்துக்கு எழுத்து வேறுபடும் தேவை என்று தெரிகிறது. ஃப்ரீரைட் நடுவழியில் நிற்கிறது: கடைசிச் சில வரிகள் கண்ணில் படும், கை மட்டும் எட்டாது. திருத்தத்தையும் அது ஒழித்துவிடவில்லை. எழுதியது இணையம்வழி கணினிக்குப் போய்விடும். திருத்தம் அங்கே, பிறகு.

இதற்காக நீங்கள் கருவி வாங்க வேண்டாம். முதலில் பிழைதிருத்தியை அணையுங்கள். ஒட்டுகள் சேர்ந்து நீண்ட சரியான தமிழ்ச் சொல்லுக்கும் அது சிவப்புக் கோடு போடும். எழுதும் சாளரத்தை மூன்று வரி தெரியும் அளவுக்குச் சுருக்குங்கள். சொல் வராத இடத்தில் ‘???’ போட்டுவிட்டு நகருங்கள், மறுநாள் அவற்றைத் தேடித் திருத்தலாம். கதைக்கு இது போதும். வாதம் வைக்கும் கட்டுரை எழுதும் நாளில் மட்டும் சாளரத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். முன்னே சொன்னதைப் பார்க்காமல் அடுத்த வாதத்தை அடுக்குவது கடினம்.