சந்தையின் மெய்ப்பாடு

மேட்டூர் அணையில் நீர் எத்தனை அடி நிற்கின்றது என்பதைத் தஞ்சை நாட்டு உழவர் நாள்தோறும் வினவி அறிவர். 120 அடி அதன் நிறைந்த மட்டம். சூன் 12-ஆம் நாள் மதகு திறக்கப்படின் குறுவைக்குக் குறைவில்லை என்பது இந்நாட்டார் கணக்கு. நீர்மட்டக்கோல் காட்டுவது உள்ள நீரை. அந்நீரைப் பற்றி ஊரார் கொண்ட நம்பிக்கையையும் அச்சத்தையும் அளக்க ஒரு கோல் செய்வோமாயின், அது காட்டுவது நீரையன்று, ஊரார் நெஞ்சையே. பங்குச் சந்தையில் முதலீட்டாளர் மனநிலையை அளக்கும் முறைகளைக் கற்கப் புகுவார் முதற்கண் தெளிய வேண்டுவது இவ்வேறுபாடாம்.

இஃது எங்கோ பம்பாயில் உள்ளார்க்கு மட்டும் உரிய பொருள் எனக் கருதற்க. பங்கு வாங்குதற்கு வேண்டும் டீமேட் கணக்குகள் இந்தியாவில் 2020 மார்ச்சு இறுதியில் சுமார் 4 கோடியாக இருந்தன. 2024 மார்ச்சில் அவை 15 கோடியைக் கடந்தன. கையிலுள்ள தொலைபேசியே தரகர் கூடமாகிய இக்காலத்து, சம்பா விற்ற பணமும் ஓய்வூதியர் சேமிப்பும் அச்சந்தையை நாடுகின்றன. ஆதலின் இதனை அறிதல் நம்மனோர்க்கும் இன்றியமையாதது.

அகத்தே நிகழும் உணர்ச்சி புறத்தே தோன்றும் குறிகளாற் புலனாதலை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். அச்சமும் உவகையும் எண்வகை மெய்ப்பாட்டுள் அடங்கும். உவகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் செல்வமே முதற்கண் எண்ணப்பட்டது. சந்தையை ஆட்டுவிப்பனவும் இவ்விரண்டே. சந்தைக்கு உடம்பில்லை, ஆயினும் குறிகள் உண்டு. அவற்றைச் சொல், செயல், விலை என மூன்றாக வகுத்துக் காண்போம்.

முதலாவது, சொல்லால் அறிதல். அமெரிக்கத் தனி முதலீட்டாளர் சங்கம் 1987 முதல் தன் உறுப்பினரை வாரந்தோறும் ஒரு வினா வினவி வருகின்றது: அடுத்த ஆறு திங்களில் சந்தை ஏறுமா, இறங்குமா, நின்றவாறே நிற்குமா? விடைகளை நூற்றுக்கு இத்தனை எனக் கணக்கிட்டு வெளியிடுவர். இம்முறை எளிது. ஆயினும் வாய் அஞ்சுகின்றது என்னும். கை வாங்கிக்கொண்டே இருக்கும். சொல்லும் செயலும் என்றும் ஒத்துச் செல்வன அல்ல.

இரண்டாவது, செயலால் அறிதல். பேக்கர், வர்க்லர் என்னும் அறிஞர் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பங்குகள் கைம்மாறும் வேகம், புதிதாகச் சந்தைக்கு வரும் கம்பெனிகளின் தொகை, அவற்றின் பங்குகள் முதல்நாளில் ஏறும் அளவு முதலிய ஆறு குறிகளைச் சேர்த்து ஓர் அளவையாக்கினர். உவகை மிகுந்த காலத்தை அடுத்து, சிறியனவும் இளையனவும் இலாபம் காணாதனவுமாகிய கம்பெனிகளின் பங்குகள் குறைந்த பயனே தந்தன என்பது அவர் கண்ட முடிவு. உறுதியான வருவாய் இல்லாதவிடத்து, விலையை நிறுத்துவது பெரிதும் நம்பிக்கையே. நம்பிக்கை தளரின் விலையும் தளரும்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2008 சனவரியில் ரிலையன்ஸ் பவர் கம்பெனி பங்கு வெளியிட்டபோது, வெளியிட்டதைப் போல் எழுபது மடங்குக்கு மேல் வேண்டுகோள்கள் குவிந்தன. அத்திங்களிலேயே சந்தை சரிந்தது. பிப்பிரவரியில் அப்பங்கு சந்தைக்கு வந்த முதல்நாளே வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியது. கூட்டத்தின் பெருமை பொருளின் அருமைக்குச் சான்றாகாது.

மூன்றாவது, விலையால் அறிதல். தேசியப் பங்குச் சந்தை 2008 முதல் வெளியிடும் 'இந்தியா விக்ஸ்' இவ்வகையது. இன்ன நாளில் இன்ன விலைக்கு விற்கவோ வாங்கவோ உரிமை வேண்டுவார் அதற்கென அச்சாரம் போல ஒரு தொகை தருவர். அச்சம் பெருகுங்கால் அத்தொகை உயரும். நிஃப்டி குறியீட்டின் மீதுள்ள இத்தகைய உரிமைகளின் விலையினின்றும், அடுத்த 30 நாளில் சந்தை எவ்வளவு அலையும் என மக்கள் எதிர்நோக்குகின்றனர் என்பதைக் கணக்கிட்டு, ஆண்டு விழுக்காடாக உரைப்பர். திங்களளவில் அறிய, 12-இன் வர்க்கமூலமாகிய 3.46-ஆல் வகுத்தல் வேண்டும். விக்ஸ் 20 எனின், ஒரு திங்களில் ஏறக்குறைய 6 விழுக்காடு அலைவு எதிர்பார்க்கப்படுகின்றது என்பது பொருள். அவ்வலைவு மேலோ கீழோ என்பதை அது கூறாது.

2020 மார்ச்சு 23-ஆம் நாள், கொள்ளைநோய் அச்சத்தால் நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 விழுக்காடு வீழ்ந்தது. மறுநாள் விக்ஸ் 80-ஐக் கடந்தது. ஆனால் அவ்வாண்டு நவம்பரிலேயே நிஃப்டி சனவரி மாதத்து உச்சத்தைத் தாண்டிவிட்டது. அச்சம் உச்சியை எய்திய வேளையில் விற்றோர், மலிவான விலைக்கே விற்றோராயினர்.

அங்ஙனமாயின், அச்சம் மிகும்போது வாங்குக, அமைதி நிலவும்போது நம்புக எனக் கொள்ளலாமோ? கூடாது. சென்னையில் அர்பத்நாட்டுக் கம்பெனி 1906 அக்டோபர் 22-ஆம் நாள் முறிந்தது. அது பங்குச் சந்தையன்று, வைப்புப் பணம் வாங்கிய நிறுவனம். ஆயினும் பாடம் ஒன்றே. அதற்கு முந்திய கிழமை அங்குப் பணம் வைத்திருந்தோரை வினவியிருந்தால், நம்பிக்கை உண்டு என்றே பெரும்பாலோர் விடை கூறியிருப்பர். நம்பியதனாலன்றோ பணம் அங்கிருந்தது? அளவுகோல் அமைதியைக் காட்டியிருக்கும். கணக்கேடு வேறொன்றைக் காட்டியிருக்கும். அம்முறிவின் பின் 1907-இல் இந்தியன் வங்கியை நிறுவ முன்னின்றவர், தஞ்சை நாட்டுத் திருவிடைமருதூரிற் பிறந்த வி. கிருஷ்ணசாமி ஐயர்.

ஆகவே யாம் துணிவது இது. மனநிலை அளவைகள் பொய்யல்ல. ஆயின் அவை பங்கின் தகுதியை அளப்பனவும் அல்ல. தகுதியைக் கம்பெனியின் வருவாய், கடன், நடத்துவோர் நேர்மை ஆகியவற்றிற் காண்க. உவகை எல்லை கடந்த நாளில் அவ்வளவைகள் எச்சரிக்கும். ஆயினும் அவ்வுவகை என்று தணியும் என்பதைச் சொல்லா. அவற்றின் தலையாய பயன், ஊரார் நெஞ்சை அறிவதினும், அவர் நெஞ்சோடு நம் நெஞ்சும் ஓடுகின்றதா எனத் தன்னைத்தான் சோதித்துக்கொள்வதே. அடுத்த பட்டத்து விதைக்கும் உரத்துக்கும் ஆள்கூலிக்கும் வைத்த பணத்தை, எந்த அளவுகோல் எதைக் காட்டினும், பங்கில் இடாதிருத்தல் நலம்.