நடமாட்டம் வேண்டுமா, கேஸ் வேண்டுமா? பனியன் கம்பெனிக்கு ஏற்ற கழிப்பறை

"எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம், கேஸும் வரும்" என்று கழிப்பறை விற்க வருபவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: கழிவு எத்தனை நாள் தொட்டியில் தங்கும்?

மலம் எரிவாயுவாக மாற, காற்றுப் புகாத தொட்டியில் ஏறக்குறைய ஒரு மாதம் கிடக்க வேண்டும். உங்கள் யூனிட்டில் நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று சிக்கனமாகவே கணக்குப் போட்டாலும் நாளைக்கு 400 லிட்டர், மாதத்துக்கு 12,000. ஒரு தண்ணீர் லாரியே நிறைந்துவிடும். குட்டியானை வண்டியில் ஏற்றி இறக்கும் பெட்டிக்குள் அது அடங்குமா?

ஆகவே கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும், நாளைக்கே காலி செய்யக்கூடிய வாடகை ஷெட்டுக்கும் கெமிக்கல் கழிப்பறையை வாடகைக்கு எடுத்தால் போதும். அதில் ஊற்றும் நீல மருந்து நாற்றத்தைத்தான் அடக்கும். கழிவு அப்படியே இருக்கும். உறிஞ்சும் லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று விசாரியுங்கள். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்டது போதும்.

ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கி, ரயில் பெட்டிகளில் இருக்கும் பயோ டாய்லெட்டிலும் மீத்தேன் உருவாகிறது, ஆனால் காற்றோடு போய்விடுகிறது. அதன் தண்ணீரும் சுத்தமாக வெளியேறுவதில்லை என்று சென்னை ஐஐடி ஆய்வே குறை சொல்லியிருக்கிறது. சிறுநீரைப் பிரித்து மலத்தை உரமாக்கும், திருச்சி பக்கத்து முசிறியில் கட்டிய கழிப்பறை நல்ல யோசனைதான். அங்கே பயன்படுத்த வந்தவர்களுக்குக் காசும் கொடுத்தார்கள். ஆனால் உரத்தைப் போட, பல்லடம் பக்கம் சொந்தத் தோப்பு இருந்தால்தான் சரிவரும்.

கேஸ் வேண்டுமென்றால் தொழிலாளர் விடுதிக்குப் போங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் காலையும் இரவும் இருப்பது அங்கேதான். மண்ணில் புதைத்த நிலையான எரிவாயுக் கலனே அங்கே சரி. ஆளுக்கு நாளைக்கு ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் வாயு என்பது பொதுக் கழிப்பறைகள் நடத்தும் சுலப் நிறுவனத்தின் கணக்கு. 200 பேர் என்றால் 5.6 கன மீட்டர். சிலிண்டர் கேஸில் சுமார் இரண்டரைக் கிலோவுக்குச் சமம். கிட்டத்தட்ட எட்டு நாளைக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சம். இந்த வாயுவை மட்டும் நம்பி மெஸ் நடத்த முடியாது. மிச்சச் சோறு, காய்கறித் தோலையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு கிலோவுக்கு மூன்று நான்கு பேர் தரும் அளவு வாயு கிடைக்கும்.

சமையற்காரர் முகம் சுளித்தால் வற்புறுத்தாதீர்கள், அந்த வாயுவில் குளிக்க வெந்நீர் போடலாம். பர்னர் இந்த வாயுவுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தொடங்கும்போது மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றி, சில வாரம் பொறுங்கள். கலனைக் கெடுப்பது பெரும்பாலும் ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்தான். கழிப்பறை கழுவும் ஒப்பந்ததாரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சாயத் தண்ணீர் ஒரு வாளிகூட உள்ளே போகக் கூடாது. பெண்கள் விடுதி என்றால் நாப்கினுக்குத் தனிக் கூடை வையுங்கள்.

அடியில் சேரும் கசடைக் குழாய் வழியே எடுக்க வால்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "ஆள் இறங்கி அள்ளிவிடலாம்" என்று சொல்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி, தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். சிறைக்குப் போகப் போவது இறங்கியவர் அல்ல, இறக்கியவர்.