உயிர்வாயு குறைந்தால் இதயத் தசை என்னவாகும்?

உங்கள் இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 100,000 முறை சுருங்கி விரிகிறது. அதற்குத் தேவையான உயிர்வாயுவை இதய ரத்தக் குழாய்கள் கொண்டுவருகின்றன. அவற்றில் ஒன்று முழுமையாக அடைபட்டால், அந்தப் பகுதியின் தசை ஒரு நிமிடத்திற்குள் சுருங்கும் வலுவை இழக்கிறது.

அப்போது தசை இன்னும் இறந்துவிடவில்லை. ரத்த ஓட்டம் விரைவில் திரும்பினால் அது பிழைத்துக்கொள்ளும். முழு வலுவைப் பெறச் சில நாள்கள் ஆகலாம். ஆனால், ஏறக்குறைய 20 நிமிடங்களுக்குப் பிறகு தசை உயிரணுக்கள் நிரந்தரமாக இறக்கத் தொடங்கும்.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை ஏற்பட்டால் காத்திருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

உடனே 995 எண்ணை அழையுங்கள். நீங்களே வாகனம் ஓட்டிச் செல்லாதீர்கள்.