நாமும் நிருபர் ஆகலாம்!

டிப்ளமோ முடித்ததும் அப்ரண்டிஸ், சூப்பர்வைசர் வேலை, இல்லாவிட்டால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இதைத் தாண்டி நாம் யோசிப்பதில்லை. பத்திரிகைத் தொழில் என்றால், "அதெல்லாம் தமிழ் எம்.ஏ. படிச்சவங்க சமாச்சாரம்"னு ஒதுங்கிவிடுகிறோம். இது சரியா?

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் நிருபர் என்ன கேட்க வேண்டும்? மண் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே? கான்கிரீட் கியூப் டெஸ்ட் செய்தார்களா? பிளானுக்கு அனுமதி தந்தது யார்? சிவில் மாணவனுக்கு இந்தக் கேள்விகள் தானாக வரும். விஷயம் தெரியாதவரோ, "மழை பெஞ்சுது, விழுந்துடுச்சு" என்று யாராவது சொன்னால் அதையே எழுதிக்கொண்டு வந்துவிடுவார். இறந்தவர்களுக்காகக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போய்விடும்.

செய்தி எழுதவும் டிராயிங் ஷீட் போல ஒரு முறை உண்டு. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விக்கும் பதில் வேண்டும். முக்கியமானதை முதல் பாராவிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், பக்கத்தில் இடமில்லாவிட்டால் துணை ஆசிரியர் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்! வெர்னியரில் இரண்டு முறை ரீடிங் எடுக்கிறோம் அல்லவா? அதுபோல ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்க வேண்டும். யார்மீது புகாரோ அவரிடமும் கேட்டாக வேண்டும். அரசு ஆவணம் தேவையா? 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கஷ்டமும் உண்டு. தீபாவளி, பொங்கலுக்கும் டியூட்டி. ஆரம்பச் சம்பளம் குறைவு. பல இடங்களில் டிகிரி கேட்பார்கள். மிரட்டல் வரும், கவரும் வரும். இரண்டுக்கும் மசியக் கூடாது.

பாரதியார் 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலை. ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு தினம் மல்லுக்கட்டும் நமக்கும் அது நல்ல பயிற்சிதானே!

நண்பர்களே, இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் ஊரில் பாதியில் நிற்கும் பாலமோ, ஓடாத மோட்டார் பம்போ இருக்கும். போய்ப் பாருங்கள், நாலு பேரிடம் விசாரியுங்கள், பத்தே வரியில் எழுதி ஒரு நாளிதழின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். அச்சில் வராவிட்டால் இன்னொன்று எழுதுங்கள்!