கணக்கும் காரணமும்

கணிதமென்பது விதிகளை மனனஞ் செய்து, வினாவைக் கண்டவுடன் அவற்றுள் ஒன்றைப் பிரயோகித்து விடை பெறும் வித்தையே என்று மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். விதிகள் வேண்டியனவே, பிழையின்றி விரைவாகக் கணக்கிடும் பழக்கமும் வேண்டியதே. ஆயினும் அவை மட்டும் அமையுமோ என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த தேசீயப் பரீக்ஷையொன்றில் பதின்மூன்று வயதினருக்கு இவ்வினா விடுக்கப்பட்டது: ஒரு பஸ்ஸில் 36 சிப்பாய்கள் ஏறலாமெனில், 1,128 சிப்பாய்களைக் கொண்டுபோக எத்தனை பஸ்கள் வேண்டும்? முடிவுகள் 1983ஆம் ஆண்டில் வெளியாயின. நூற்றுக்கு 70 பேர் வகுத்தலைச் சரியாகவே செய்திருந்தனர். எனினும் 32 என்னும் விடையை எழுதினோர் நூற்றுக்கு 23 பேரே. 29 பேர் ‘31, மீதி 12’ என்றெழுதினர்; 18 பேர் 31 என்றனர். மீதிப் பன்னிருவரும் வழியில் நிற்க, பஸ்கள் புறப்பட்டுவிட்டன போலும்! இப்பிள்ளைகள் வகுக்கத் தெரியாதவரல்லர். வந்த விடை வினாவுக்குப் பொருந்துமோ என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளும் வழக்கமே அவரிடம் இல்லை.

அந்நாட்டுத் தேசீய ஆராய்ச்சி மன்றம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, கணிதத் தேர்ச்சியை ஐந்து புரிகள் கூடிய கயிற்றுக்கு ஒப்பிடுகின்றது. கருத்தை உணர்தல், செய்முறையில் பழகுதல், புதிய வினாவுக்கு வழி காணுதல், நிலைக்கேற்ப ஆராய்ந்து காரணங் காட்டுதல், முயன்றால் கைகூடும் என்னும் நம்பிக்கை ஆகியவையே அவ்வைந்து புரிகள். இவற்றுள் நான்காவதை யுக்தித் திறன் எனச் சுருங்கக் கூறுவோம். இதனை உயர்தரப் பள்ளி வகுப்புக்களில் வளர்க்கும் முறை யாது? இரண்டு உதாரணங்களால் விளக்க முயல்வோம்.

முதலாவது, யாவரும் அறிந்த ஒரு விதி. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிய தொகை 9ஆல் வகுபடுமானால் அவ்வெண்ணும் 9ஆல் வகுபடும். 7,254 என்பதன் இலக்கத்தொகை 18. ஆதலின் அது வகுபடும். இவ்வளவோடு உபாத்தியாயர் நிறுத்தினால் மாணாக்கன் பெற்றது ஒரு விதியே. ‘ஏன்?’ என்று அவர் வினவுவாராக. பத்து என்பது 9உம் 1உம். நூறு என்பது 99உம் 1உம். ஆயிரம் என்பது 999உம் 1உம். ஆகவே ஒவ்வோரிடத்தும் ஒன்பதின் மடங்கைக் கழித்துவிட்டால் எஞ்சுவன 7, 2, 5, 4 என்னும் இலக்கங்களே. காரணம் தெளிந்தபின் நிலையைச் சிறிது மாற்றி, 11க்கு இவ்வாறு விதி உண்டோ எனக் கேட்கலாம். பத்து 11இல் ஒன்று குறைவு. நூறு 99இல் ஒன்று மிகுதி. ஆயிரம் 1,001இல் ஒன்று குறைவு. எனவே இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் பார்க்கவேண்டுமென்று மாணாக்கன் தானே கண்டுகொள்வான். 2,728இல் 8 – 2 + 7 – 2 = 11; அவ்வெண் 11இன் 248 மடங்கு. விதியை மட்டும் கற்றவனுக்கு 11 புதிய பாரம். காரணத்தைக் கற்றவனுக்கு அது பழைய பாடத்தின் தொடர்ச்சி.

இரண்டாவது, சில உதாரணங்களைக் கண்டு பொதுவிதி கூறும் அவசரத்தை அடக்குவது. ஒரு வட்டத்தின் பரிதியில் புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றையும் மற்றெல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைக்கச் சொல்லுக. 2 புள்ளிகளால் வட்டம் 2 பகுதிகளாகும். 3 புள்ளிகளால் 4. 4 புள்ளிகளால் 8. 5 புள்ளிகளால் 16. ஆறு புள்ளிகளானால்? வகுப்பு முழுதும் 32 என்று முழங்கும். வரைந்து எண்ணுவோர் 31க்கு மேல் காணார். புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தவருக்கு 30 வரும். இங்கே வகுப்பில் எழும் விவாதமே பாடத்தின் உயிர். எவ்விரு கோடுகள் சந்திக்குமிடத்திலும் மூன்றாங் கோடு செல்லாதாயின், முதலிலிருந்த ஒரு பகுதியோடு கோட்டுக்கு ஒன்றும் சந்திப்புக்கு ஒன்றுமாகப் பகுதிகள் கூடும். ஆறு புள்ளிகளுக்குக் கோடுகள் 15, சந்திப்புக்கள் 15, ஆக 31. சம தூரத்தில் வைத்தபோது நடுவே மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூடுவதால், அவற்றிடையே அமையவேண்டிய சிறு முக்கோணம் மறைந்துபோயிற்று. முப்பது என்றவனும் பிழை செய்தவனல்லன். அவன் கொண்ட நிபந்தனை வேறு. இதைத் தானே கண்டு சொல்லும் மாணாக்கன் அன்று கற்றது பெரிது.

இத்தகைய பிழை சிறுவர்க்கே உரியதன்று. 2இன் அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெற்ற 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்களாயிருத்தலைக் கண்ட பெர்மா என்னும் பிரெஞ்சு மேதை, அவ்வரிசையில் வருவன யாவும் அத்தகையனவே என்று கருதினார். அடுத்துவரும் 4,294,967,297 என்பது 641ஆல் வகுபடும் என 1732ஆம் ஆண்டில் ஆய்லர் காட்டினார்.

இவ்வாறு கற்பிக்கக் காலம் போதாது என்று உபாத்தியாயர் சிலர் கூறக்கூடும். பாடத்திட்டம் நீண்டதென்பதும், பரீக்ஷை அண்மையிலுள்ளதென்பதும் மெய்யே. ஆயினும் காரணமறியாது கற்ற விதிகள் ஒன்றோடொன்று மயங்கி மறைதலின், அவற்றை ஆண்டுதோறும் மீளக் கற்பிக்கச் செலவாகும் காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் ஒரு கணக்கிலேனும் ‘இது ஏன்?’ ‘இது மாறினால் என்னாகும்?’ என வினவி, விடைக்குச் சற்றே காத்திருத்தல் எவர்க்கும் கூடும். தவறான விடை வந்தவிடத்தும் உடனே அழித்துவிடாது, அதன் காரணத்தைக் கேட்டல் நலம். விடைத்தாளிலும் விடைக்கேயன்றிக் காரணத்துக்கும் மதிப்பெண் உண்டெனில் மாணாக்கர் தாமே காரணத்தை நாடுவர்.

பாடத்தில் கண்ட வினா சிறிது உருமாறி வந்தபோது திகைத்து, ‘கணக்கு எனக்கு வாராது’ என்று தன்னைத் தானே இகழ்ந்து அப்பாடத்தைக் கைவிடும் பிள்ளை எத்தனையோ! அவனிடம் குறைந்தது அறிவன்று. காரணங் கேட்கவும் காரணங் கூறவும் அவனுக்குக் கிடைத்த சந்தர்ப்பமே. அச்சந்தர்ப்பத்தை அளித்தல் ஆசிரியர் கடன். அதனை விடாது பற்றிக்கொள்ளுதல் மாணாக்கர் கடன்.