குழந்தையின் பக்கம் நிற்பது

அன்புள்ள தங்கைக்கு,

எம்.ஃபில். முடித்துக் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்குமான உளவியல் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். உன் அறைக்கு எந்தக் குழந்தையும் தானாக வரப்போவதில்லை. பெரியவர் ஒருவரின் கவலையோ கோபமோதான் அதைக் கூட்டிக்கொண்டு வரும். "எப்பப் பார்த்தாலும் போனு, பேசினா எரிஞ்சு விழறான், கொஞ்சம் புத்தி சொல்லுங்க மேடம்" என்பார் அம்மா. அப்பா வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். பையனிடம் கண் டெஸ்ட் என்று சொல்லி அழைத்து வந்திருப்பார்கள். அதனால் முதல் வேலை, இது என்ன இடம், நீ யார் என்ற உண்மையை அவனிடம் சொல்வது. பிறகு அவனுக்கென்று ஏதாவது புகார் உண்டா என்று கேள். பெரும்பாலும் இருக்கும், அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சின்னக் குழந்தைகளிடம் கேள்வியால் பயனில்லை, விளையாட்டுதான் வழி. லண்டனில் பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் 1923 முதல் நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய டொனால்ட் வினிகாட், தாளில் மனம்போன போக்கில் ஒரு கோடு கிறுக்குவார். குழந்தை அதை ஏதாவது ஓர் உருவமாக்கும். அடுத்து குழந்தை கிறுக்கும், அவர் உருவமாக்குவார். அவரும் வரைந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். படத்தைப் பார்த்து ஜாதகம்போலப் பலன் சொல்லாதே. கறுப்பில் வரைந்தால் துக்கம் என்று பொருளில்லை; டப்பாவில் மிஞ்சியிருந்த கிரயான் அதுவாக இருக்கலாம். வரைந்தவளிடமே கதையைக் கேள்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். சில வாரங்களில் குழந்தை உன்னிடம் ஒட்டிக்கொள்ளும். பெற்ற அம்மாவைவிட நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேனே என்ற நினைப்பு உனக்குள் வரும். அதை வளர விடாதே. அந்த நினைப்பினால் நம் துறை செய்த கொடுமை சாதாரணமானதல்ல. ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்தை புருனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமே எழுதிப் பரப்பினார். ஆட்டிசக் குழந்தையின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், அதன் வேர் உயிரியலில் இருக்கிறது என்று 1964லேயே எழுதியிருந்தார். இருந்தும் எத்தனையோ தாய்மார்கள், பிள்ளையைப் பற்றிய தவிப்போடு வந்த இடத்தில் பழியையும் சுமந்து திரும்பினார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

நம் நாட்டில் வேறு வழியும் இருந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் மருத்துவர் வித்யா சாகர் கூடாரம் போட்டு, நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் உறவினர் கூடவே தங்குவதை வழக்கமாக்கியது. குழந்தைகளுக்கென்று தொடங்கியவை அல்ல இவை; ஆனாலும் நாம் கற்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் உன்னுடன் இருக்கும் பிள்ளை, மீதி நேரமெல்லாம் குடும்பத்தாருடன்தானே இருக்கிறது!

வண்டியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை நீயே போய் அழைத்து வா. இந்த வயதில் அவர் எப்படியிருந்தார் என்று கேள். வீட்டில் பாட்டி வைத்ததுதான் சட்டம் என்றால் பாட்டியும் வரட்டும். "இவ்வளவு நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, அம்மா அழுதால் அழவிடு. வீட்டில் மாற்ற ஒரே ஒரு காரியம் சொல்: சாப்பிடும்போது மார்க் பேச்சு வேண்டாம். அது போதும், ஒரு வாரத்துக்கு.

இந்த இணக்கத்துக்கும் எல்லை உண்டு. 18 வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் தயங்காதே. ஆகையால் "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதே. முதல் நாளே பெற்றோர் முன்னிலையில் சொல்லிவிடு: "நீ பேசறதை அம்மா அப்பாகிட்ட ஒப்பிக்க மாட்டேன். ஆனா யாராவது உன்னைத் துன்புறுத்தினாலோ, உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன். அதை உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்."

சோர்ந்துபோய் வரும் பதின்வயதினரிடம், செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால், அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு அப்போதே பெற்றோரை உள்ளே கூப்பிடு. மனநல மருத்துவர் அன்றே பார்க்க ஏற்பாடு செய். பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் மாத்திரைகள் எல்லாம் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று விசாரித்து, அப்புறப்படுத்தச் சொல். பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்று சொல். டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணை எழுதிக் கொடு. அன்றிரவு விழித்திருந்து இதையெல்லாம் செய்யப்போகிறவர் அந்த அப்பாதான். முன்பே உன் அறையில் அவருக்கு மரியாதை கிடைத்திருந்தால், நீ சொல்வதை நம்பிச் செய்வார். மறுநாள் காலையில் நீயே அவருக்குப் போன் செய்.

அன்புடன்,
அக்கா