கழித்த பிறகே வகுக்க வேண்டும்

சரக்கு வேகனை எடை போட்டால், காலி வேகனின் எடையைக் கழித்த பிறகே சரக்கின் கணக்கு. ஆய்வுக்கூடத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

உயிரணுவிலுள்ள கால்சியத்தை அளக்க, 1985-இல் ரோஜர் சியென் குழுவினர் அறிவித்த ஃபியூரா-2 என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றுவார்கள். 340, 380 நானோமீட்டர் ஒளிகளில் இரு படங்கள் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பார்கள். விகிதம் கூடினால் கால்சியம் கூடியதாகப் பொருள்.

உயிரணுப் புள்ளியில் வெளிச்சம் 300, 200. பின்னணி இரண்டிலும் 100 என்று கொள்வோம். அப்படியே வகுத்தால் 1.5. பின்னணியைக் கழித்து வகுத்தால் 2. இதுவே சரி.

உயிரணு இல்லாத இடத்திலோ, கழித்தபின் 3, 1 என்று இரைச்சல்தான் மிஞ்சும். வகுத்தால் 3! இல்லாத கால்சியம் இருப்பதாகத் தோன்றும். ஆகவே ஒரு வெளிச்ச எல்லை வகுத்து, அதற்குக் கீழுள்ள புள்ளிகளை விலக்குங்கள். அவற்றுக்குப் பூஜ்யமும் போடாதீர்கள், சராசரி இறங்கிவிடும். பரீட்சைக்கு வராத மாணவனுக்குப் பூஜ்யம் போட்டு வகுப்பின் சராசரியைப் பார்ப்போமா?